கையையும் நாயையும் கழுவவும்

மார்ச் 3, திங்கள்

டாக்டரம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. இப்போதைக்கு எனக்கு அந்த ஆவல் இல்லை, அதனால் எழுதவில்லை.

நேற்று போனில் நாம் போட்ட கூச்சலுக்குப் பிறகு உன் அண்ணன் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறீங்க, கேக்கறதுக்குத்தான் ஆளே இல்ல. இனிமே எழுதிக்கோங்க. அப்பவாவது ஒருத்தர் முடிச்ச பிறகு இன்னொருத்தர் ஆரம்பிப்பீங்க" என்றார். நாள் முழுக்க மின்விசிறியும் மிக்சியும் பழுது பார்க்கிற மனிதருக்கு, அண்ணி நாத்தனார் சண்டையையும் பழுது பார்த்துவிடலாம் என்று நினைப்பு. சரி, எழுதுகிறேன். உன்னால் குறுக்கே பேச முடியாது என்பது எனக்கும் வசதிதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது நீயேதான் நம் நாய் பாபினுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தாய். "இனிமே குட்டியும் கிடையாது, பருவமும் கிடையாது. கேட்டைத் திறந்து போட்டுட்டுத் தூங்குங்க அண்ணி" என்று சொன்னதும் நீதான். இப்போது வந்து பார். ஒரு வாரமாகக் கேட்டுக்கு வெளியே ஐந்து ஆண் நாய்கள். ஒன்று பேக்கரிக்காரருடையது, ஒன்று நொண்டி, ஒன்றை நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததே இல்லை, எந்த ஊரிலிருந்து விலாசம் விசாரித்துக்கொண்டு வந்ததோ தெரியவில்லை. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த டீச்சர் அவற்றைத் தாண்டி வரப் பயந்து அப்படியே திரும்பிப் போய்விட்டார். பாபினுக்குப் பின்பக்கம் வீங்கியிருக்கிறது. குட்டிக்குப் பால் கொடுக்கிறவள் மாதிரி காம்பெல்லாம் பருத்திருக்கிறது. வயிற்றில் முடி உதிர்கிறது. இதற்கு நடுவில் வெட்கமே இல்லாமல் கேட்டைப் பார்த்து வாலை ஆட்டுகிறாள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் நாய் டாக்டரிடம் கூட்டிப் போனேன். பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார். சினைப்பையில் ஒரு துண்டு உள்ளேயே நின்றுவிட்டதாம். மறுபடி வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டுமாம். வருகிற இருபதாம் தேதி என்று நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

நான் தையற்காரி. பிசிறு வெட்டாமல் ஒரு துணியைக்கூட யார் கையிலும் கொடுத்ததில்லை. நீ ஒரு உயிருக்குள்ளே பிசிறு விட்டுத் தைத்திருக்கிறாய்.

"இதை யாரு செஞ்சது?" என்று அவர் கேட்டார். "தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொன்னேன். உன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன், அதையும் தெரிந்துகொள்.

அண்ணி


மார்ச் 6, வியாழன்

அன்புள்ள அண்ணிக்கு,

அன்பு என்று எழுதியது பழக்கதோஷம்.

தெரிந்தவர்களாம்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குத் தலை பின்னிவிட்டவர், கல்லூரிக்குப் போகும் வரை என் சட்டை எல்லாவற்றையும் தைத்தவர், ஒரு நாய் டாக்டர் முன்னால் என்னைத் தெரிந்தவள் ஆக்கிவிட்டீர்கள். பிசிறு என்று எழுதியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இதைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

பிசிறு கிடையாது. இரண்டு சினைப்பையும் முழுசாக வந்தன. தட்டில் வைத்து அண்ணனிடம் காட்டினேன், அவர் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். வேண்டுமானால் அவரையே கேளுங்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கேட்காதீர்கள்.

உங்கள் டாக்டர் கண்ணாடித் துண்டில் பார்த்தது பொய்யில்லை. பெண் ஹார்மோன் அவள் உடம்பில் வேலை செய்கிறது, அது உண்மை. அது எங்கிருந்து வந்தது என்று கண்ணாடித் துண்டு சொல்லாது. இங்கே மாட்டுப் பண்ணையில் இதை நாங்கள் சூடு என்போம். பாபினுக்கு வந்திருப்பதும் சூடுதான். வீட்டில் யாராவது ஹார்மோன் மாத்திரையோ பூசும் மருந்தோ பயன்படுத்துகிறீர்களா? தெருவில் யாராவது, நாய் பருவத்துக்கு வராமல் இருக்கட்டும் என்று, உதவி செய்கிற நினைப்பில் ஊசி போட்டுவிட்டார்களா? டாக்டர் பார்க்காமல் அந்த ஊசியைப் போட்டுக் கருப்பையில் சீழ் பிடித்து வந்த நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யோசித்து எழுதுங்கள்.

இங்கேயும் எனக்கு இதே வேலைதான். மாடுகள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சூட்டுக்குக் கொண்டுவர ஒரு ஹார்மோன் ஊசி போடுகிறோம். பால் கறக்கும் கொட்டகையில் ஒரு பெண் இருக்கிறாள், வாயாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். அவள் ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறாள். வெறுங்கையோடு மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு எனக்கு உதவ ஓடிவருகிறாள். அந்த மருந்து கையில் சிந்தினால் தோல் வழியாகவே உள்ளே போகும், கருவைக் கலைக்கக்கூடியது. சொன்னால், "தோல் என்ன சல்லடையா டாக்டர்?" என்று சிரிக்கிறாள். சல்லடைதான் என்று சொல்லி, அவளைக் கன்றுகளுக்குப் பால் கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆக இப்போது இரண்டு பேர் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள்.

பாபினைத் திறக்க விடாதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்தவள்


மார்ச் 10, திங்கள்

நாத்தனாருக்கு,

சரி, தெரிந்தவர்கள் என்று சொன்னது தப்புத்தான். அதற்காக நீ இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டாம். உன் அண்ணன் அதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் தனியாகச் சிரித்தார்.

உன் கேள்விக்குப் பதில். இந்த வீட்டில் ஹார்மோனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. உன் அண்ணன் தலைவலித் தைலத்தைத் தவிர எதையும் தொடமாட்டார். நானும் எனக்கு வேண்டியதைப் பூசிக்கொள்கிறேனே தவிர, நீ சொல்கிற மாதிரி மருந்தெல்லாம் எதுவும் இல்லை. தெருவில் யாரும் ஊசி போடவும் இல்லை. பாபின் ஊசியைப் பார்த்தால் போடும் கத்தலுக்குத் தெருவே கூடியிருக்கும்.

சூடு என்று எழுதியிருந்தாயே, அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். பருவம், சினைப்பை, கண்ணாடித் துண்டு என்று அந்த டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் புரியவில்லை. சூட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் கடிதம் வந்த அன்றே ஆரம்பித்துவிட்டேன்.

பாவம், பாபின் இப்போது என்னை விட்டு நகர்வதில்லை. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும்போது என் முழங்கையில் மோவாயை வைத்துக்கொண்டு ஊசி போய் வருவதைப் பார்க்கிறாள். மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தரையில் படுத்தால் என் இடது கைதான் அவளுக்குத் தலையணை. நக்கி நக்கியே என்னைத் தூங்க வைக்கிறாள். இவளை மறுபடி மேசையில் படுக்க வைத்துக் கிழிக்க எனக்கு மட்டும் ஆசையா? ஆனால் வீக்கம் குறையவில்லை, போன வாரத்தைவிட அதிகம். நாய்கள் ஐந்து ஏழாகிவிட்டன. நீ தூரத்தில் இருந்துகொண்டு திறக்காதே திறக்காதே என்கிறாய், அவர் கிட்டத்தில் இருந்துகொண்டு திறக்க வேண்டும் என்கிறார். நான் யாரை நம்புவது?

அண்ணி


மார்ச் 13, வியாழன்

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தத் தடவை அன்பு நிஜம்.

யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். நான் நேரில் வந்து என் கையால் பார்த்தால் தீர்ந்துவிடும், ஆனால் இங்கே கன்று போடும் மாடுகள் வரிசையாக நிற்கின்றன, இருபதாம் தேதிக்கு முன்னால் கிளம்ப வழியே இல்லை. அதனால் என் கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு உங்கள் பஸ் நிறுத்தத்து டாக்டருக்கே ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சினைப்பைத் துண்டு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ரத்தத்திலேயே பார்க்கலாம், கத்தி எடுப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இருக்கிறது என்று வந்தால் நானே லீவு போட்டு வந்து, அவர் பக்கத்தில் நின்று, என் தப்பை நானே எடுக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் உறுத்துகிறது. சூட்டுக்கு ஏதோ செய்வதாக எழுதியிருந்தீர்கள். என்ன செய்கிறீர்கள்? ஐஸ் எதுவும் வைக்காதீர்கள். நான் சொன்ன சூடு காய்ச்சல் மாதிரியான சூடு இல்லை. இன்னொன்று, நீங்கள் மதியத்தில் படுக்கிறீர்களா? பகலில் உட்கார்ந்துகூட நான் உங்களைப் பார்த்தது மிஷின் முன்னால்தான். அண்ணனைக் கேட்டால் "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்பார். அவருக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், ஒயர் எரிந்து வாசனை வருகிற வரைக்கும்.

இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 15, சனி

நாத்தனாருக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

எனக்குக் கொஞ்ச நாளாகவே உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது. மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதே கழுத்திலிருந்து குபுகுபுவென்று ஏறி, முகமெல்லாம் எரிந்து, உடுத்தியிருப்பது நனைந்து, அப்புறம் உடனே குளிரும். ஒரு நாள் விலை உயர்ந்த பட்டுத் துணியில் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன், அப்போது வந்தது. கத்தரி கோணிவிட்டது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கத்தரி கோணியதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போன் பண்ணினால் எந்த மாடு கன்று போட்டது, எந்த மாடு எட்டி உதைத்தது என்று ஆரம்பிப்பாய், அதற்கு நடுவில் இதை எங்கே நுழைப்பது? சொன்னாலும் "வயசாயிடுச்சு அண்ணி" என்று சிரிப்பாய் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் வயதாகவில்லை. கத்தரிக்கு மட்டும்தான் ஆகியிருக்கிறது.

ஜனவரியில் தனியாகப் பஸ் ஏறி ஒரு பெண் டாக்டரைப் பார்த்தேன். அவர் நிறையச் சொன்னார், வெட்கத்தில் பாதி என் காதில் விழவில்லை. "இந்தச் சூட்டுக்கு ஒரு ஜெல் தரேன், தினமும் கையில தடவிக்கோங்க" என்றார், அது நன்றாக விழுந்தது. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடவுகிறேன். என்ன சொல்ல, இரண்டே வாரத்தில் கொதிப்பு அடங்கிவிட்டது. கத்தரியும் நேராகிவிட்டது. ஜெல்லைப் பட்டன் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், உன் அண்ணன் அதைத் திறக்கவே மாட்டார்.

நீ பாபினுக்கும் சூடு என்று எழுதியதும் எனக்கு உடனே புத்தியில் பட்டது. என் சூட்டுக்குக் கேட்ட மருந்து அவள் சூட்டுக்குக் கேட்காதா? தினமும் ஒரு துளி அவள் வயிற்றில் தடவுகிறேன். என் கையில் ஒட்டியிருப்பதையும் அவளே நக்கி எடுத்துக்கொள்கிறாள், அவளுக்கும் பிடித்திருக்கிறது போலத் தெரிகிறது. இன்னும் குணம் தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் கூட்ட வேண்டாம் என்று பார்க்கிறேன். அளவைக் கூட்டலாமா?

அண்ணி


மார்ச் 18, செவ்வாய்

அண்ணி,

கூட்டாதீர்கள்.

இதைப் பண்ணையின் பால் வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், இன்றே உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு விசித்திரமான செய்தி வந்து சேர்ந்திருக்கும். கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் பண்ணினேன். அண்ணன்தான் எடுத்தார். அண்ணியிடம் கொடுங்கள் என்றால், "ரெண்டு பேரும் எழுதத்தான் செய்யணும், பேசக் கூடாது" என்று சட்டம் பேசினார். உங்கள் ரகசியத்தையும் காப்பாற்ற வேண்டும், பாபினையும் காப்பாற்ற வேண்டும். "கையையும் நாயையும் கழுவச் சொல்லுங்க, இப்பவே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் டாக்டர் சொன்ன சூடு வேறு, நான் சொன்ன சூடு வேறு அண்ணி. உங்களுக்குக் குறைந்துபோன பெண் ஹார்மோனைத்தான் அந்த ஜெல்லில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் சூட்டைத் தணிக்கிற மருந்துதான் பாபினுக்குச் சூட்டை உண்டாக்குகிற மருந்து. ஜனவரியில் நீங்கள் கையில் தடவ ஆரம்பித்தீர்கள், அவள் அந்தக் கையில் படுத்தாள், நக்கினாள், பிப்ரவரி முடிவதற்குள் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். போதாததற்கு நான் போட்ட ஒரு வார்த்தையை நம்பி அவள் வயிற்றிலும் பூசியிருக்கிறீர்கள்.

அவளைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஜெல்லை அட்டைப்பெட்டியோடு அப்படியே எடுத்துக்கொண்டு உங்கள் நாய் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள், அவர் ஒரு வரி படித்தால் போதும், கத்தியைக் கீழே வைத்துவிடுவார். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்க மாட்டேன். இந்த ஹார்மோன் நாய்க்கு அதிகமாகப் போனால் ரத்தம் ஊறுகிற இடத்தையே கெடுத்துவிடும். ஈறு வெளுத்திருக்கிறதா, சோர்ந்து படுக்கிறாளா என்று பாருங்கள். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி நான் சொன்னதாகச் சொல்லுங்கள். யார் என்று அவர் கேட்டால் இந்தத் தடவை உங்கள் இஷ்டம்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 21, வெள்ளி

என் அருமை நாத்தனாருக்கு,

முதலில் பாபின். ரத்தம் கொஞ்சம் குறைவுதானாம், பயப்படுகிற அளவில் இல்லையாம். பதினைந்து நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஈறு ரோஜா நிறத்தில் இருக்கிறது. சாப்பிடுகிறாள். நீ மூச்சு விட்டுக்கொள்ளலாம். நான் நேற்றுத்தான் விட்டேன்.

அன்றைக்கு நடந்ததைக் கேள். உன் அண்ணன் கடைக்குள் வந்து, மிஷின் முன்னால் நின்று, நீதிமன்றத்தில் தீர்ப்புப் படிக்கிற மாதிரி, "கையையும் நாயையும் கழுவணுமாம்" என்றார். எந்தக் கை, எதற்கு என்று கேட்டால், "கேட்டேன், வெச்சுட்டா" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நீ இல்லாத சண்டைக்கு வருவாயே தவிர, சும்மா ஒரு வேலை சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கழுவினேன். பால் வண்டிக்காரர் கடிதத்தோடு வந்தபோது பாபின் உடம்பெல்லாம் நுரையோடு எங்கள் இரண்டு பேரையும் எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்தேன். கிண்ணத்தில் விஷம் வைத்த மாதிரி இத்தனை நாளாக என் கையை அவளுக்கு நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொல்லிவிட்டேன். ஜனவரியிலிருந்து நடந்த எல்லாவற்றையும், கத்தரி கோணியது உட்பட. கடைசியில், "நீ ராத்திரியிலயும் தரையில தனியாப் படுக்க ஆரம்பிச்சதும், என் குறட்டை தாங்காமத்தான்னு நெனச்சேன்" என்றார். இரண்டு மாதமாக அந்த மனிதர் குறட்டை வராமலிருக்க ஒருக்களித்தே படுத்திருக்கிறார். மறுநாள் காலையில் பார்க்கிறேன், என் மிஷினுக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நாய் டாக்டரும் நல்ல மனிதர்தான். பெட்டியைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், உன் கடிதத்தையும் படித்தார். "நானும் இதைக் கேட்டிருக்கணும்மா, கேக்கல" என்றார். இருபதாம் தேதியைத் தன் கையாலேயே அடித்துவிட்டார். அப்புறம், "அன்னைக்கு ஆபரேஷன் பண்ணினது யாரு?" என்று மறுபடி கேட்டார். "என் நாத்தனார். மாட்டுப் பண்ணையில பெரிய டாக்டர்" என்றேன். பக்கத்தில் பூனையோடு உட்கார்ந்திருந்தவருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

ஜெல்லைக் குப்பையில் போட்டுவிட்டேன். கத்தரி கோணினால் கோணட்டும், பாபினைவிட அது பெரிதில்லை.

உன் அண்ணி


மார்ச் 25, செவ்வாய்

அன்புள்ள அண்ணிக்கு,

குப்பையில் போட்டீர்களா! வாசலில் ஏழு நாய் நிற்கும்போதா! உடனே அதை எடுத்து நன்றாகக் கட்டி, வாங்கின மருந்துக்கடையிலேயே கொடுத்து, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கடிதத்தில் தெருவிலிருக்கும் ஆண் நாய்க்கெல்லாம் காம்பு பருத்திருக்கிறது என்று எழுதுவீர்கள்.

கொடுத்துவிட்டு அப்படியே அந்தப் பெண் டாக்டரிடம் போங்கள். மருந்தை நிறுத்துவதா வேண்டாமா என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது, நானும் சொல்லக் கூடாது, நான் மாட்டு டாக்டர். வீட்டில் நாய் இருக்கிறது என்பதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். நாய் தொடாத இடமாகப் பார்த்துப் பூசச் சொல்லலாம், வேறு வடிவில் கொடுக்கலாம், வழி எத்தனையோ இருக்கிறது. பாபினும் நன்றாக இருக்கலாம், நீங்களும் நன்றாக இருக்கலாம். ஒருவர் நன்றாக இருக்க இன்னொருவர் வெந்து சாக வேண்டியதில்லை.

இனி எழுதுவது கொஞ்சம் கஷ்டம். இந்தப் பண்ணையில் எந்த மாடு என்றைக்குச் சூட்டுக்கு வந்தது, எது தீவனம் எடுக்கவில்லை, எது முகம் வாடியிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உங்களிடம் மட்டும் கேட்காமல் இருந்திருக்கிறேன். ‘வீட்டில் யாராவது’ என்று எழுதினேன். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். "அண்ணி, உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டிருந்தால் முதல் கடிதத்திலேயே முடிந்திருக்கும். நீங்கள் பட்டுத் துணி முன்னால் தனியாக அழுததை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. நான் சிரித்திருக்க மாட்டேன் அண்ணி. ஒருவேளை கொஞ்சம் சிரித்திருப்பேன், அப்புறம் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன்.

வாயாடிக்கு உங்கள் கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ‘எனக்குத் தெரிஞ்சவங்க’ என்றேன். முழுசாகக் கேட்டுவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போது என்னோடு பேசுகிறாள். பேசுவது மட்டுமில்லை, கொட்டகைக்குள் யார் கையுறை இல்லாமல் நுழைந்தாலும், "தோலு சல்லடைடா, தெரியுமா?" என்று விரட்டுகிறாள்.

இப்போது சொல்லுங்கள் அண்ணி, எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் நாத்தனார்


ஜூன் 15, ஞாயிறு

என் அருமை நாத்தனாருக்கு,

மூன்று மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் அதே கேள்வியோடுதான் முடிக்கிறாய். ஒவ்வொரு தடவையும் பாபினைப் பற்றி எழுதி நழுவிவிடுகிறேன். இன்றைக்குச் சொல்கிறேன். நன்றாக இருக்கிறேன். அந்தப் பெண் டாக்டர் இப்போது ஜெல்லைத் தொடையில் பூசச் சொல்லியிருக்கிறார். பூசி, காயவிட்டு, மேலே துணி மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அறைக் கதவைத் திறக்கிறேன். அதுவரைக்கும் வெளியே ஒரு மூக்கு கதவிடுக்கில் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும். கொதிப்பு எப்போதாவது எட்டிப் பார்க்கும், மின்விசிறியைச் சுழல விட்டால் போய்விடும். இதையெல்லாம் உன்னிடம் எழுத முடிகிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

உன் பண்ணைக் கொட்டகைக்கு என்று நான் தைத்து அனுப்பிய பூப்போட்ட கையுறைகளை நீ திருப்பி அனுப்பியது வந்து சேர்ந்தது. துணி மருந்தை உறிஞ்சித் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், ரப்பர்தான் வேண்டும் என்று நீ எழுதியதைப் படித்துக் கொஞ்சம் முகம் வாடினேன். பன்னிரண்டு ஜோடி, எல்லாம் இரட்டைத் தையல். பிறகு வாயாடிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. மிச்சமிருந்த அதே துணியில் குழந்தைக்கு மூன்று சட்டை தைத்து இதோடு அனுப்புகிறேன். கழுத்து நேராக வெட்டியிருக்கிறேன், பார்.

பாபினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுவே நல்ல செய்தி. வீக்கம் வற்றிவிட்டது, ரத்தம் சரியாகிவிட்டது. வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். நொண்டி மட்டும் இன்னும் வருகிறான். ஹார்மோன் இல்லாமலே வருகிறான் என்பதால் அவனுக்கு ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.

நேற்று அவளைக் குளிப்பாட்டியபோது வயிற்றில் முடி வளர்ந்திருப்பதைப் பார்த்தேன். பட்டுப்போல அடர்த்தியாக முளைத்திருக்கிறது. அதை விலக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பி, நீ தைத்த இடத்தைத் தேடினேன். உன் அண்ணனும் வந்து தேடினார். கிடைக்கவில்லை. நான் எத்தனையோ பேர் தையலைப் பார்த்தவள், எங்கே ஆரம்பித்தாய், எங்கே முடித்தாய் என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

மாட்டு வேலை எப்போதாவது அலுத்தால் வந்துவிடு. என் கடையில் ஒரு மிஷின் காலியாக இருக்கிறது.

உன் அண்ணி